மெரினா மரப்பாதை: அம்மாவைத் தூக்காமல் கடல் பக்கம் போக முடிகிறது

அம்மாவுக்கு 71 வயது. 2019 கடைசியில் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் தளர்ந்துவிட்டன. வீட்டுக்குள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு சமையலறை வரை போவார், வருவார். வெளியே என்றால் வீல் சேர்தான். மெரினாவில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே மணலில் போட்டிருக்கும் மரப்பாதைக்கு அவரை இதுவரை ஐந்து முறை கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். அங்கே எடுத்த போட்டோவைப் பார்த்துவிட்டுத் தெரிந்தவர்கள் பலர் கேட்டார்கள், வீல் சேர் நிஜமாகவே போகுமா, கூட்டமாக இருக்குமா, ஒரே ஆளால் சமாளிக்க முடியுமா என்று. எல்லாருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் என் கணக்கைச் சொல்கிறேன். ஒரு இடம் அம்மாவுக்குச் சரிப்படுமா என்று பார்க்க நான் வைத்திருப்பது ஒரே கணக்குதான். வீட்டிலிருந்து கிளம்பி மறுபடி வீடு வந்து சேரும் வரை அம்மாவை எத்தனை தடவை தூக்க வேண்டியிருந்தது?

நம் ஊரில் உதவிக்கு ஆள் பஞ்சமே இல்லை. படிக்கட்டு முன்னால் வீல் சேர் நின்றால் போதும், "நகருங்கக்கா, நாங்க தூக்கிடறோம்" என்று நாலு பேர் வந்துவிடுவார்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது, நல்ல மனசோடுதான் வருகிறார்கள். ஆனால் தூக்கப்படுகிறவருக்கு அது எப்படி இருக்கிறது என்று பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். முன்பின் தெரியாதவர்களின் கை அக்குளில் இருக்கும், புடவை முழங்காலுக்கு ஏறிவிடும், உணர்வில்லாத வலது கை எங்கேயாவது இடித்துக்கொள்ளும், நாலு பேரில் ஒருவர் கொஞ்சம் முந்தித் தூக்கினால் சேர் ஒரு பக்கமாகச் சாயும். அம்மா அப்போது கண்ணை மூடிக்கொள்வார். இறக்கி வைத்த பிறகும் ரொம்ப நேரம் பேசமாட்டார். ஒரு கல்யாணத்தில் மாடியில் இருந்த சாப்பாட்டுக் கூடத்துக்கு அப்படித் தூக்கிக்கொண்டு போனார்கள். அன்று வீட்டுக்கு வந்ததும், "இனிமே என்னை எங்கயும் கூப்பிடாதேம்மா" என்றார். அன்றிலிருந்துதான் எண்ண ஆரம்பித்தேன்.

அம்மா பிறந்து வளர்ந்தது திருவல்லிக்கேணியில், பார்த்தசாரதி கோயில் பக்கத்தில். கடற்கரை அவருக்குச் சுற்றுலா இடமே இல்லை, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் முற்றம் மாதிரி. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பெரியம்மாவும் அவரும் நடந்தே போய்விடுவார்களாம். மாசி மகத்தன்று பெருமாள் தீர்த்தவாரிக்குக் கடலுக்குப் போகும்போது கூடவே ஓடியதை இன்றைக்கும் சொல்வார். அப்படிப்பட்டவரை 2020 பிப்ரவரியில், பக்கவாதம் வந்து சில மாதங்களில், மெரினாவுக்குக் கூட்டிப்போனேன். மணலில் வீல் சேரின் முன் சக்கரங்கள் இரண்டும் பத்தடி போவதற்குள் புதைந்துவிட்டன. பின்னால் திருப்பி இழுத்தேன், அதுவும் வரவில்லை. சுண்டல் விற்கிற பையன் ஒருவனும் இன்னொருவரும் வந்து, அப்படியே சேரோடு தூக்கித் தண்ணீர் வரைக்கும் கொண்டுபோய் விடுகிறோம் என்றார்கள். அம்மா வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார். சாலையோர நடைபாதையிலேயே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அங்கிருந்து பார்த்தால் மணலும் கடைகளும், அதற்கு மேலே நீலமாக ஒரு கோடும்தான் தெரியும்.

இந்த மணல் அங்கே எப்படி வந்தது என்பது பலருக்குத் தெரியாது. மெரினாவின் மணல்பரப்பு சராசரியாக 300 மீட்டர் அகலம், சில இடங்களில் 400 மீட்டரைத் தாண்டும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சென்னைத் துறைமுகம் கட்டுவதற்கு முன்னால் கடல் சாலைக்கு வெகு அருகில் இருந்தது. இந்தக் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். துறைமுகச் சுவர் அதை மறித்ததும் தெற்குப் பக்கம் மணல் சேர ஆரம்பித்தது, கடல் தள்ளிப்போனது. 1884இல் கவர்னர் கிராண்ட் டஃப் அங்கே உலாவும் பாதை போட்டு மெரினா என்று பெயர் வைத்தார். ஆக, அம்மாவைக் கடலிலிருந்து பிரித்து வைத்திருந்த அந்த 300 மீட்டரும் மனிதர்கள் கட்டிய ஒரு சுவரால் வந்தது. "இயற்கை அப்படி இருக்குது, நாம என்ன பண்ண முடியும்" என்று யாராவது சொன்னால் எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

சரி, பாதைக்கு வருகிறேன். நிரந்தரமான பாதை வருவதற்கு முன்னால் சில வருடங்கள், டிசம்பர் 3 உலக மாற்றுத்திறனாளிகள் தினத்தை ஒட்டி மட்டும் தற்காலிகமாக ஒரு பாதை போட்டு, சில நாளில் எடுத்துவிடுவார்கள். அந்தச் சில நாட்களில் முதன்முதலாகக் கடலில் கால் நனைத்த பெரியவர்களின் போட்டோக்கள் பேப்பரில் வரும். வருடத்தில் மற்ற நாட்களில் எங்களுக்குக் கடல் வேண்டாமா என்று மாற்றுத்திறனாளி அமைப்புகள் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தன. அதன் பலனாகத்தான் 2022 நவம்பர் 27 அன்று மாநகராட்சியின் இந்த நிரந்தரப் பாதை திறக்கப்பட்டது. 263 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், செலவு 1 கோடியே 14 லட்சம் ரூபாய். உப்புக்காற்றும் ஈரமும் தாங்க வேண்டும் என்பதற்காகக் கருவேலம் உள்ளிட்ட உறுதியான மரங்களைப் போட்டிருக்கிறார்கள். திறந்து இரண்டு வாரம் கூட ஆகவில்லை, டிசம்பர் 9 ராத்திரி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம் கரையைக் கடந்தபோது கடல் பக்கத்துப் பகுதி சேதமாகிவிட்டது. மறுநாள் அந்தப் படத்தை டிவியில் பார்த்து அம்மா அழுதார். அதுவரை நாங்கள் அங்கே போகவே இல்லை, அடுத்த வாரம் போகலாம் என்று வைத்திருந்தோம். பிறகு சரி செய்து மறுபடி திறந்தார்கள். அதற்குப் பின்தான் எங்கள் முதல் பயணம்.

பாதையில் வீல் சேர் எப்படிப் போகிறது என்று கேட்டால், அருமையாகப் போகிறது. ஏற்ற இறக்கம் கையில் தெரியாத அளவுக்குத்தான் இருக்கிறது. பலகைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் எங்கள் சேரின் சின்ன முன் சக்கரம் ஒரு தடவை கூடச் சிக்கவில்லை. லேசாகக் கடகடவென்று அதிரும், முதுகுவலி இருப்பவர்களுக்கு ஒரு தலையணை வைத்துக்கொள்ளலாம். மூன்று மீட்டர் அகலம் என்பதால் எதிரே இன்னொரு வீல் சேர் வந்தாலும் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை, இரண்டும் தாராளமாகப் போகும். இரண்டு பக்கமும் கைப்பிடி உண்டு. அம்மா பாதி தூரம் போனதும் சேரை நிறுத்தச் சொல்லி, இடது கையால் அந்தக் கைப்பிடியைப் பிடித்து எழுந்து நின்றார். வீட்டுக்கு வெளியே அவர் தானாக எழுந்து நின்றதை நான் பார்த்து மூன்று வருடம் ஆகியிருந்தது. என்னைப் பிடிக்கக் கூப்பிடவில்லை. இரண்டு நிமிடம் நின்று காற்று வாங்கிவிட்டுத் தானே உட்கார்ந்துகொண்டார்.

காற்றடிக்கிற நாட்களில் பலகை மேல் மணல் படிந்துவிடும், அந்த இடங்களில் மட்டும் தள்ளுவது கொஞ்சம் கனக்கும். ஒரு சின்ன கைத்துடைப்பம் எடுத்துப் போனேன், உதவியாக இருந்தது. பாதை முடிகிற இடத்திலிருந்து அலை எவ்வளவு தூரம் என்பது அன்றைக்குக் கடல் எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. காலை நனைத்தே ஆக வேண்டும் என்று நினைத்துப் போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அந்தக் கடைசி மணலைத் தாண்டச் சாதாரண வீல் சேர் உதவாது. அம்மாவுக்கு அது குறையாகத் தெரியவில்லை. அலைச் சத்தம் காதில் விழுகிறது, உப்புக்காற்று முகத்தில் அடிக்கிறது, தூரத்தில் கப்பல் நிற்கிறது, வேறென்ன வேண்டும் என்கிறார். மூன்றாவது தடவை ஒரு பாட்டிலில் கடல் தண்ணீர் பிடித்து வந்து அவர் காலில் ஊற்றினேன்.

கூட்டத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சனி, ஞாயிறு சாயங்காலம் போகாதீர்கள். திறந்த புதிதில் நல்லா நடக்கிறவர்களே பாதை முழுக்க நிரம்பி நின்றார்கள் என்று செய்தி வந்தது ஞாபகம் இருக்கும், இப்போதும் விடுமுறை நாட்களில் நிலைமை அதேதான். நடக்கிறவர்களும் வரட்டும், பொது இடம்தானே, எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. ஒரு குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்த இளம் அம்மாவுக்கும், முழங்கால் ஆபரேஷன் ஆனவருக்கும் அந்தப் பாதை எவ்வளவு உதவியோ அவ்வளவு எங்களுக்கும். ஆனால் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு பத்துப் பேர் வரிசையாக செல்ஃபி எடுக்கும்போது, அதைப் பிடித்து நடந்து வருகிற ஒரு முதியவர் கையை எடுத்துவிட்டு நடுவில் தள்ளாட வேண்டியிருக்கிறது. அதை நான் நேரில் பார்த்தேன். அவர் யாரிடமும் நகரச் சொல்லவில்லை, அந்த வயதுக்காரர்கள் சொல்லவும் மாட்டார்கள். கைப்பிடியை மட்டும் விட்டுவிட்டு நில்லுங்கள். சத்தம் போட்டுச் சொல்வதென்றால் இந்த ஒன்றைத்தான் சொல்வேன்.

எங்களுக்கு ஒத்துவந்த நேரம் வார நாளில் விடிகாலை. சூரியன் கடலிலிருந்து எழும்புவதைப் பார்க்கலாம், வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடலாம். நடக்க முடிகிற பெரியவர்களைக் கூட்டிப்போகிறவர்கள், போக வர அரை கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது என்பதைக் கணக்கில் வையுங்கள். எங்கள் பக்கத்து வீட்டுத் தாத்தா கைத்தடியோடு ஒருமுறை வந்தார். மடக்கு ஸ்டூல் ஒன்று எடுத்துப்போயிருந்ததால் மூன்று இடத்தில் உட்கார வைத்து உட்கார வைத்துக் கூட்டிப்போக முடிந்தது. என்னோடு வேலை பார்க்கிறவர் ஒருவருக்குக் கண்பார்வை கிடையாது, அவரும் ஒருமுறை எங்களோடு வந்தார். பலகையில் வெள்ளைக் கோல் தட்டுகிற சத்தமும் பக்கத்துக் கைப்பிடியும் போதும், இங்கே நான் யார் தோளையும் பிடிக்காமல் போகிறேன் என்றார். வரும் வழியில் ஒரு நடைபாதையில் பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டப் பதிக்கும் மஞ்சள் டைல்ஸைப் பின்பற்றி நடந்தவர் நேராக டிரான்ஸ்பார்மர் கம்பியில் போய் முட்டியிருக்கிறார். கோடு கோடாக இருந்தால் நேராகப் போகலாம், புள்ளி புள்ளியாக இருந்தால் நின்று கவனிக்க வேண்டும், அதுதான் அந்த டைல்ஸின் பாஷை. ஜப்பானில் செயிச்சி மியாகே என்பவர் கண்டுபிடித்து, 1967இல் ஒகயாமா நகரத்தில் பார்வையற்றோர் பள்ளிக்குப் பக்கத்தில் முதலில் பதித்தார்கள். நம் ஊரில் அந்தப் பாஷை தெரியாதவர்கள் அழகுக்காகப் பதிக்கும்போதுதான் கோடு டிரான்ஸ்பார்மரில் முடிகிறது.

இப்போது என் எண்ணிக்கை. பாதையில் எல்லாத் தடவையும் பூஜ்யம். ஆனால் முதல் பயணத்தில் அன்றைய மொத்தம் ஆறு. ராத்திரி உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன்: எங்கள் அபார்ட்மென்ட் வாசல் படியில் இறக்கியது ஒன்று, ஆட்டோவில் ஏற்றியது, இறக்கியது, திரும்பி வரும்போது மறுபடி ஏற்றியது, இறக்கியது, கடைசியில் அதே வாசல் படி. ஆறில் இரண்டு எங்கள் சொந்த வாசலிலேயே! ஊரைக் குறை சொல்வதற்கு முன்னால் அதைச் சரி செய்ய வேண்டும் என்று தோன்றியது.

எங்கள் வாசலில் மூன்று படி, மொத்தம் 45 சென்டிமீட்டர் உயரம். ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டால், ஒரு மீட்டர் நீளத்துக்குச் சிமெண்ட் கொட்டிச் சரித்துவிடலாம் என்றார். பைக் ஏற்றுவதற்கு அது போதும், மனிதரை ஏற்றுவதற்குப் போதாது. சாய்தளத்துக்கு விதி ஒன்றுக்குப் பன்னிரண்டு: ஒரு அடி உயரம் ஏற வேண்டுமானால் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். அப்படிப் பார்த்தால் எங்கள் 45 சென்டிமீட்டருக்கு 5.4 மீட்டர். நேராகப் போட இடமில்லை. பாதி தூரம் சுவரை ஒட்டிப் போய், சேர் திரும்புவதற்கு ஒன்றரை மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் சமதளம் விட்டு, அங்கிருந்து ப வடிவில் திருப்பிக் கட்டினோம். அசோசியேஷன் கூட்டத்தில் முதலில் இரண்டு பேர், பார்க்கிங் போய்விடும் என்றார்கள். கட்டி முடித்து ஒரு மாதத்தில் பார்த்தால் கேஸ் சிலிண்டர் போடுகிறவர், தண்ணீர் கேன் பையன், கர்ப்பமாக இருக்கும் மூன்றாம் மாடிப் பெண், எல்லாரும் அதில்தான் வருகிறார்கள், போகிறார்கள். ஆட்சேபம் சொன்னவர்களில் ஒருவருடைய மாமியார் இடுப்பு எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோதும் அதே சாய்தளத்தில்தான் வந்தார்.

மூன்றாவது பயணத்தில் மெட்ரோவில் போனோம். வடபழனியிலிருந்து சென்ட்ரல், அங்கே மாறி அரசினர் தோட்டம். லிஃப்டில் இறங்கி, பிளாட்பாரத்துக்கும் பெட்டிக்கும் அதிக உயர வித்தியாசம் இல்லாததால் சக்கரத்தை லேசாகத் தூக்கி உள்ளே தள்ளினால் போதும், பெட்டியில் வீல் சேர் நிறுத்தத் தனி இடமும் இருக்கிறது. வீல் சேர் இல்லாமல் வருகிற முதியவர்களுக்கு ஸ்டேஷனிலேயே சேர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அம்மா ரயிலில் ஜன்னல் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துத் தலையைச் சரி செய்துகொண்டார். மெட்ரோவுக்குப் பூஜ்யம். ஆனால் வீட்டிலிருந்து ஸ்டேஷன் போகிற 700 மீட்டர் இருக்கிறதே, அதுதான் அன்றைய பயணத்தில் ரொம்பக் கஷ்டமான பகுதி. பைக் ஏறாமல் இருக்க நடைபாதை நுழைவில் கம்பங்கள் நட்டிருக்கிறார்கள், கம்பங்களுக்கு நடுவே எங்கள் சேர் நுழையவில்லை. சேர் 65 சென்டிமீட்டர், தாராளமாகப் போக 90 வேண்டும். அதனால் சாலையில் இறங்கி, பின்னால் பஸ் ஹாரன் அடிக்க, ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனேன். அரசினர் தோட்டத்திலிருந்து கடற்கரைக்கு மறுபடி ஆட்டோ. போகும்போது இரண்டு, வரும்போது இரண்டு, மொத்தம் நாலு. அம்மா ஆட்டோக் கம்பியைப் பிடித்து அரைவாசி தானே ஏறிவிடுவார், அதையும் நான் தூக்கியதாகத்தான் எண்ணுகிறேன்.

அந்தப் பயணத்தில் சாப்பிடப் போன ஒரு ஹோட்டலைப் பற்றியும் சொல்ல வேண்டும், பேர் வேண்டாம். வாசலில் நீல நிறத்தில் வீல் சேர் படம் பெரிதாக வரைந்திருந்தார்கள், சாய்தளமும் இருந்தது, அதை நம்பித்தான் போனோம். எங்கள் வாசல் அளவுக்கே உயரம், நீளம் ஐந்தடி கூட இல்லை. தள்ளிக்கொண்டு ஏறும்போது சேர் பின்னால் மல்லாந்து என் நெஞ்சில் சாய்ந்துவிட்டது. அம்மா கத்திவிட்டார். உள்ளிருந்து ஓடி வந்த சர்வர் தம்பிகள் பிடிக்காவிட்டால் இருவரும் விழுந்திருப்போம். முதலாளி கெட்டவர் இல்லை, விசாரித்தால் உண்மையாகவே வருத்தப்பட்டார், கட்டிடம் கட்டியவர் போட்டுக்கொடுத்தது என்றார். சாய்தளம் இருக்கிறதா என்று போனில் கேட்டு "இருக்கு மேடம்" என்ற பதிலோடு கிளம்பாதீர்கள். எத்தனை படி உயரம், சாய்தளம் எத்தனை அடி நீளம் என்று கேளுங்கள்.

கழிப்பறை. இதை எழுத யோசித்தேன், ஆனால் இதை விட்டுவிட்டு எழுதினால் இந்த விமர்சனத்துக்கு அர்த்தமே இல்லை. வெளியே போகிற நாளில் அம்மா முந்தின நாள் ராத்திரியிலிருந்தே தண்ணீர் குடிக்கமாட்டார். எனக்கு இது இரண்டாவது பயணத்தில்தான் தெரிந்தது, உதடு வறண்டு போயிருந்ததைப் பார்த்துக் கேட்டபோது, "போற இடத்துல எப்படி இருக்குமோ, எதுக்கு வம்பு" என்றார். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர், சென்னை வெயிலில், பன்னிரண்டு மணி நேரம் தண்ணீர் இல்லாமல். வழியில் ஒரு பொதுக் கழிப்பறையில் நிறுத்திப் பார்த்தோம். மாற்றுத்திறனாளிகளுக்கு என்று தனிக் கதவு, அதில் பூட்டு, சாவி யாரிடம் என்று அங்கே இருந்த யாருக்கும் தெரியவில்லை. ஒரு வழியாகத் திறந்தபோது உள்ளே வாளி, துடைப்பம், பினாயில் கேன்கள். நிறைய வயதான பெண்கள் வெளியே வராமல் இருப்பதற்கு முழங்கால்வலியைக் காரணம் சொல்வார்கள். அவர்களிடம் தனியாக உட்கார்ந்து பேசிப் பாருங்கள், கழிப்பறைப் பயம் வெளியே வரும்.

பகல் நேரத்தில் போகிறவர்களுக்கு ஒரு நல்ல தகவல். அதே காமராஜர் சாலையில், லேடி வெலிங்டன் கல்லூரி வளாகத்தில், மியூசியம் ஆஃப் பாசிபிலிட்டீஸ் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும் கருவிகளைத் தொட்டு, போட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ஒரு கையால் சப்பாத்தி தேய்ப்பது, ஒரு கையால் காய் நறுக்குவது என்று பக்கவாதம் வந்தவர்களின் வீட்டுக்கு எது உதவும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள இது சரியான இடம். மாற்றுத்திறனாளிகளே நடத்தும் காபிக் கடையும் உள்ளே இருக்கிறது. நான்காவது பயணத்தில் போனோம். அம்மா அங்கே காபி குடித்தார், தண்ணீரும் குடித்தார்.

ஐந்தாவது பயணம் பஸ்ஸில். தாழ்தளப் பேருந்துகள் 2024 ஆகஸ்ட்டில் சென்னையில் ஓட ஆரம்பித்தன, அதுவும் சும்மா வரவில்லை, சென்னை உயர் நீதிமன்றத்தில் பல வருடம் வழக்கு நடந்த பிறகுதான் வந்தன. தரைமட்டத்திலிருந்து தளம் 400 மில்லிமீட்டர் உயரம்தான், நிறுத்தத்தில் வண்டி ஒரு பக்கமாக இன்னும் கொஞ்சம் தாழ்ந்து கொடுக்கும், நடுக்கதவில் மடித்து வைத்த பலகையை விரித்தால் சேர் உருண்டு ஏறிவிடும். நாங்கள் ஏறிய நிறுத்தத்தில் பைக்குகளை வரிசையாக நிறுத்தியிருந்ததால் பஸ் நடுரோட்டில்தான் நின்றது. டிரைவர் எங்களைப் பார்த்துவிட்டு, கையைக் காட்டி, பத்துப் பதினைந்து அடி முன்னால் போய் ஓரம் கட்டினார். கண்டக்டர் இறங்கி வந்து பலகையை விரித்தார். இரண்டு நிமிடம் கூட ஆகவில்லை. உள்ளே இருந்த ஒருவர் லேட்டாகிறது என்று முணுமுணுத்தார், பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் அவரைப் பார்த்த பார்வையில் அவரே எழுந்து சேர் நிறுத்த இடம் விட்டார். நேராக ஒரே வண்டி கிடைக்கவில்லை, நடுவில் ஒரு இடத்தில் மாறினோம், தாழ்தள வண்டிக்காக 40 நிமிடம் காத்திருந்தோம். அம்மா பஸ்ஸில் ஏறி அன்றைக்கு ஐந்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே வந்தார்.

அன்றைய எண்ணிக்கை: பூஜ்யம். வாசலிலிருந்து கடல் வரை, கடலிலிருந்து வாசல் வரை, ஒருவர் கூட அம்மாவைத் தூக்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு இதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஹோட்டலிலும் மண்டபத்திலும் பேசும்போது இது கையில் இருந்தால் குரல் நிமிர்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016இல் வந்தது, 2017 ஏப்ரலில் அமலானது. ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டிடங்களை எல்லாரும் வந்து போகும்படி மாற்ற, விதிகள் வந்ததிலிருந்து ஐந்து வருட அவகாசம். 2017 ஜூனில் விதிகள் வந்தன, எனவே அவகாசம் 2022இலேயே முடிந்துவிட்டது. ராஜீவ் ரதூரி என்ற பார்வையற்றவர் 2005இல் உச்ச நீதிமன்றத்தில் போட்ட வழக்கில் 2024 நவம்பரில் வந்த தீர்ப்பு இன்னும் முக்கியமானது. அணுகல் வசதிகளைப் பற்றிய விதி வெறும் பரிந்துரை மாதிரி இருப்பது சட்டத்துக்கே முரண், கட்டாயமான தரங்களை மூன்று மாதத்தில் வகுக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. அதாவது சாய்தளம் போடுவது முதலாளியின் தயவு கிடையாது. 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் கிட்டத்தட்ட 11.8 லட்சம் பேர், மாநிலத்தின் மொத்த மக்களில் பத்தில் ஒருவருக்கு மேல் அறுபது வயதைத் தாண்டியவர்கள். இன்றைக்கு இன்னும் கூடியிருக்கும், பக்கவாதம் வந்த அம்மாக்களும் இடுப்பு முறிந்த மாமியார்களும் அதற்குள்தான் இருக்கிறார்கள்.

ஐந்தாவது பயணம் முடிந்து வந்த அன்று ராத்திரி அம்மா விழுப்புரத்தில் இருக்கும் பெரியம்மாவுக்குப் போன் போட்டார். பெரியம்மாவுக்கு 76, இரண்டு முழங்காலும் போய்விட்டது, நாலு வருடமாக வீட்டை விட்டு வெளியே வரவில்லை. "தூக்கல்லாம் வேணாம்க்கா, உருட்டிக்கிட்டே போயிடலாம், நானே போய்ட்டு வந்துட்டேன்" என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தது சமையலறை வரை கேட்டது. பெரியம்மா அடுத்த மாதம் வருகிறார். விடிகாலையில்தான் கூட்டிப்போவோம். விவேகானந்தர் இல்லத்துக்குப் பக்கத்தில் அந்த நேரத்தில் திறந்திருக்கும், கதவு 90 சென்டிமீட்டருக்குக் குறையாத, உள்ளே பிடித்துக்கொள்ளக் கம்பி உள்ள கழிப்பறை எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இரண்டு பேரும் தண்ணீர் குடித்துவிட்டு வர வேண்டும்.